நீங்கள் ஒன்றையும் அழுத்தவில்லை

"நான்தான் தெரியாத்தனமாக எதையோ அழுத்திவிட்டேன் போலிருக்கிறது."

இந்த வாக்கியம் ஒலிக்காத வீடு இந்தக் காலத்தில் இல்லை. பேரன் அனுப்பிய படங்களைப் பார்க்க மடிக்கணினியைத் திறக்கும் பாட்டி சொல்கிறாள். முப்பது வருஷம் பாங்கியில் உத்தியோகம் பார்த்து, ஒரு பைசா பிசகாமல் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவர் சொல்கிறார். பரீட்சைக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியை சொல்கிறாள். முதல் நாள் இரவு இவர்கள் திரையின் வெளிச்சத்தைக் கண்ணுக்கு இதமாகத் தணித்து, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, திருப்தியோடு அணைத்து மூடினார்கள். காலையில் பொத்தானை அமுக்கினால் திரை கண்ணைப் பறிக்கிறது. அல்லது அமாவாசையாக இருண்டு கிடக்கிறது. எழுத்துக்கள் எறும்பு ஊர்வது போலச் சிறுத்திருக்கின்றன. இல்லாவிட்டால் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்தாற்போல ஒரு சாயம். உடனே அந்த நல்ல மனிதர்கள் தங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

அவர்கள் சார்பில் வக்காலத்து வாங்கி எழுதுகிறேன். என் கட்சி சுருக்கமானது. நீங்கள் ஒன்றையும் அழுத்தவில்லை. அழுத்தியவர்கள் வேறு, அவர்கள் நாலைந்து பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, பழி மட்டும் உங்கள் தலையில் விழுகிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி இப்போது நீங்கள்தான்.

பழைய வால்வு ரேடியோவை நினைத்துப் பாருங்கள். சத்தத்துக்கு ஒரு திருகு இருந்தது. அதை எங்கே விட்டோமோ அங்கேயே நிற்கும். மின்சாரம் போனாலும் நிற்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் நிற்கும். வீடு மாற்றும்போது வண்டியில் ஏற்றி இறக்கினாலும் அநேகமாக நிற்கும். பிறகு வந்த டெலிவிஷன் பெட்டியில் வெளிச்சத்துக்கும் அப்படி ஒரு திருகு. ஆரம்ப காலத்து மடிக்கணினிகள் பலவற்றில்கூட ஒரு திருகோ நகர்த்தும் கட்டையோ இருந்ததுண்டு. அந்த அற்பத் திருகு இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது. கட்டளையை நிறைவேற்றியதும் அதுதான், கட்டளையை நினைவில் வைத்திருந்ததும் அதுதான். அது நிற்கும் இடமே அதன் ஞாபகம்.

அதைக் கழற்றி எறிந்துவிட்டு, திரைமேல் ஒரு கோட்டையும் அதில் நகரும் ஒரு புள்ளியையும் வரைந்து வைத்தார்கள். பார்வைக்குப் புள்ளி திருகு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதை நகர்த்துவது, தாலுகா ஆபீஸில் மனுக் கொடுப்பதற்குச் சமம். மனுவை ஒருவர் வாங்கிக்கொள்கிறார். எந்த ஏட்டிலோ எழுதுகிறார். மறுநாள் காலையில் எந்த ஏட்டைப் பிரித்து எவர் படிப்பார் என்பது அவரவர் சித்தம்.

காலையில் பொத்தானை அமுக்கிய முதல் ஒரு நிமிஷத்தில் உள்ளே நடக்கும் கூத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாத வரையில் கம்பெனிக்காரர் சொல்வதையெல்லாம் நாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்க நேரும்.

முதலில் விழிப்பது பயாஸ் என்று பழைய பெயராலேயே இன்னும் பலரும் சொல்லும் அடிப்படை நிரல். யந்திரத்தோடு கூடப்பிறந்தது அது. உங்களை அதற்குத் தெரியாது. தனக்குத் தோன்றிய வெளிச்சத்தில் திரையை ஏற்றி வைக்கும். பிறகு திரையிடம், 'நீ யார், உன் அகல நீளம் என்ன?' என்ற விசாரணை நடக்கிறது. திரை ஒரு சிறு குறிப்பை நீட்டுகிறது. ஈடிஐடி என்று பெயர். 1994-இல் வகுக்கப்பட்ட ஏற்பாடு. அடிப்படைக் குறிப்பு 128 பைட்தான். இந்தக் குறிப்பைச் சரியாக வாசிக்காவிட்டால், நேற்றுவரை குடியிருந்த திரையை இன்று அந்நியத் திரை என்று எண்ணி, எழுத்தின் அளவு முதல் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிவிடும். வெளித்திரை ஒன்றையும் சேர்த்து மாட்டியிருப்பவர்கள் இந்த அவதியை அடிக்கடி படுகிறார்கள்.

அடுத்து வருவது விண்டோஸ். அதற்கும் திரைக்கும் நடுவில் டிரைவர் என்றொரு மத்தியஸ்தர். படம் காட்டும் சில்லுக்கு மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல், ஏஎம்டி, என்விடியா ஆகிய கம்பெனிகள் தத்தம் மத்தியஸ்தர்களை அனுப்புகின்றன. மத்தியஸ்தர் அன்று வேலைக்கு வராவிட்டால், விண்டோஸ் தன் கைவசமுள்ள சாதாரண ஆளை உட்கார வைக்கும். அவருக்கு நாலு வார்த்தைதான் தெரியும். அப்போதுதான் எழுத்து பூதாகாரமாகத் தெரிவதும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோடே மாயமாய் மறைவதும். மத்தியஸ்தர் ஒழுங்காக வந்தாலோ, அவர் தம்முடைய சொந்த ஏட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார். அதில் அவருக்கென்று ஒரு வெளிச்சக் கொள்கை இருக்கிறது.

பிறகு நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போகிறீர்கள். இப்போதுதான் உங்கள் பெயரில் உள்ள ஏடு பிரிக்கப்படுகிறது. அப்பாடா என்று உட்காரும் நேரத்தில், மடிக்கணினியைச் செய்து விற்ற கம்பெனியின் சொந்த நிரல் ஒன்று மெதுவாக எழுந்து வருகிறது. 'கண் பாதுகாப்பு' என்றோ 'வண்ண அற்புதம்' என்றோ அதற்கு ஒரு பெயர் இருக்கும். அது தன் பங்குக்கு ஒரு பூச்சுப் பூசும். அந்தக் காலத்துக் கிராமத்தில் ஒரே நிலத்துக்கு நான்கு கணக்குப்பிள்ளைகள் இருந்து, நான்கு பேரும் பட்டா எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசியாகப் பேனாவை எடுத்தவன் எழுத்துத்தான் செல்லும். நிலத்துக்காரனை யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.

'இதெல்லாம் உமது கற்பனை. நாவலாசிரியர்களுக்கு இதுதான் தொழில்' என்று யாராவது சொல்லக்கூடும். சரி, சாட்சியைக் கூப்பிடுகிறேன். விண்டோஸ் 10-க்கு 2018 அக்டோபரில் 1809 என்ற எண்ணோடு ஒரு பெரும் பதிப்பு வந்தது. வந்த வேகத்தில் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டதால் மைக்ரோஸாப்ட் அதை அவசரமாக நிறுத்திவைத்து, பிறகு திருத்தி அனுப்பியது. அந்த வருஷக் கடைசியில் அது வெளியிட்ட திருத்தக் குறிப்புகளில் ஒரு வரி: யந்திரத்தைத் திரும்பத் துவக்கும்போது வெளிச்சம் பாதிக்கு, அதாவது 50 சதவிகிதத்துக்கு, தானாகவே போய்விடும் கோளாறு சரிசெய்யப்பட்டது. அடுத்த வருஷம், 2019 மே மாதப் பதிப்பில், இன்டெல் டிரைவர்கள் சிலவற்றோடு சேர்ந்தால் இன்னொரு விநோதம்: கோட்டில் புள்ளி நகரும், திரையின் வெளிச்சம் மட்டும் மாறாது. இதையும் கம்பெனியே தெரிந்த கோளாறுகளின் பட்டியலில் சேர்த்து ஒப்புக்கொண்டது.

அந்த மாதங்களில் எத்தனை பாட்டிகளும் எத்தனை பாங்கி உத்தியோகஸ்தர்களும், 'நான்தான் எதையோ அழுத்திவிட்டேன்' என்று சொல்லியிருப்பார்கள்! திருத்தக் குறிப்பை வாசிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அவர்களிடம் வந்து, 'அம்மா, பிசகு உங்களுடையதல்ல' என்று சொல்வதற்கு எந்தக் கம்பெனியிலும் ஒரு குமாஸ்தா கிடையாது. பழுது பார்க்கும் கடைக்குப் போனாலோ, பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"என்னம்மா, ஏதாவது தொட்டீங்களா?"

"தொடாம எப்படிப்பா இதுல வேலை செய்யறது?"

"அதாம்மா. செட்டிங்ஸ் மாறிப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸைப் புதுசா போட்டுடலாம்."

தலைவலிக்குத் தலையை எடுக்கும் வைத்தியம்! அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு கணக்குப்பிள்ளைகளின் ஏட்டையும் புரட்டிப் பார்க்க அவனுக்கு நேரமும் இல்லை, அதற்கு யாரும் கூலி கொடுப்பதும் இல்லை.

எதிர்க்கட்சிக்காரரும் பேசட்டும். 'பாட்டரி நீடிக்க வேண்டாமா? மடிக்கணினியில் மின்சாரத்தை அதிகம் தின்பவற்றில் திரையும் ஒன்று. உங்கள் நன்மைக்காகத்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறோம்' என்கிறார். பாதி நியாயம். விற்கும்போது சிக்கனமான ஏற்பாட்டோடு விற்கட்டும். நான் சண்டைக்கு வரவில்லை. நான் ஒரு முறை என் விருப்பத்தைச் சொன்ன பிறகு அதை மாற்றுவதுதான் வழக்கு. விண்டோஸ் 7 வந்த 2009-இலேயே, அறையின் வெளிச்சத்தைப் பார்த்துத் திரையை மாற்றும் ஏற்பாடு வந்துவிட்டது. அதற்கு மேல் இன்டெல்லின் மின்சிக்கன ஏற்பாடு ஒன்று. ஏஎம்டிக்கு வேரி-பிரைட் என்று ஒன்று. திரையில் கறுப்பு அதிகமுள்ள பக்கம் வந்தால் வெளிச்சத்தைத் தணிக்கும். வெள்ளைப் பக்கம் வந்தால் ஏற்றும். படித்துக்கொண்டிருப்பவனுக்கு யாரோ பக்கத்தில் நின்று விளக்குத் திரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது போல இருக்கும்.

இதில் உச்சம், 2015-இல் வெளியான டெல் எக்ஸ்பிஎஸ் 13. பத்திரிகைகள் மெச்சிய அழகான யந்திரம்தான். அதில் இந்த ஏற்றி இறக்கும் வேலை, திரையின் சொந்த மின்சுற்றுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. விண்டோஸில் எந்த மூலையில் தேடினாலும் அதை நிறுத்த ஸ்விட்ச் அகப்படாது. வாங்கியவர்கள் கூச்சல் போட்ட பிறகுதான், அதை அணைப்பதற்கென்று தனியாக ஒரு நிரலைக் கம்பெனி வெளியிட்டது. அணைக்க முடியும் என்றால் முதலிலேயே ஏன் ஸ்விட்ச் வைக்கவில்லை? பாட்டரி இத்தனை மணி நேரம் நிற்கும் என்று விளம்பரத்தில் அச்சடிக்க வேண்டியிருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நிரூபிக்க என்னிடம் சாட்சியம் இல்லை. சந்தேகப்பட உரிமை உண்டு.

இன்னொரு சமாசாரம், எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் மூட்டுவது. அது ஒரு வார்த்தையைப் பற்றியது. வார்த்தை எங்கள் சரக்கு. 'அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்' என்பது உலகம் பூராவும் வழங்கும் கைமருந்து. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், 'ஷட் டவுன்' என்பதை நீங்கள் அழுத்தினால், பெரும்பாலான யந்திரங்களில் முழுவதும் அணைவதில்லை. விரைவில் துவங்க வேண்டும் என்பதற்காக, உட்கருவின் நிலையை அப்படியே வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்குகிறது; காலையில் அதையே எடுத்துப் பரப்பிக்கொண்டு எழுகிறது. மத்தியஸ்தருக்கு நேற்றுப் பிடித்த சித்தப்பிரமையும் அதோடு சேர்ந்து எழுந்துவிடும். உண்மையில் அணைந்து புதிதாகத் துவங்க வேண்டுமானால் 'ரீஸ்டார்ட்' என்பதை அழுத்த வேண்டும். அணை என்றால் அணையாது. திரும்பத் துவங்கு என்றால்தான் அணையும்! சில விநாடிகள் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு சொல்லின் பொருளையே புரட்டிப் போட்டுவிட்டு, அதை வாங்கியவனிடம் சொல்லவும் இல்லை. அகராதிக்காரர்கள் இதைச் செய்திருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா?

'புலம்புவது இருக்கட்டும், என்ன செய்வது?' என்று கேட்கும் வாசகர்களை நான் மதிக்கிறேன். முதலில், மாற்றம் எப்போது நிகழ்கிறது என்று கவனியுங்கள். கடவுச்சொல் தட்டுவதற்கு முன்பே திரை கெட்டிருந்தால் பயாஸையோ டிரைவரையோ சந்தேகியுங்கள். உள்ளே போய்ச் சில விநாடி கழித்துக் கெட்டால், துவங்கும்போது தானே ஓடும் நிரல்களில் ஒன்று குற்றவாளி. டாஸ்க் மானேஜரில் 'ஸ்டார்ட் அப்' பட்டியலைப் பிரித்து, கம்பெனியின் 'அற்புத' நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தும், ஒரு தடவை ஷட் டவுன் செய்தும் ஒப்பிடுங்கள். ரீஸ்டார்ட்டில் ஒழுங்காக இருந்து ஷட் டவுனில் மட்டும் கெடுமானால், பவர் பொத்தான்களுக்குரிய பக்கத்தில் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதன் எதிரே உள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தில் மாட்டியிருக்கும்போது ஒரு வெளிச்சமும் பாட்டரியில் ஓடும்போது வேறொரு வெளிச்சமும் தனித்தனியாகக் குறித்து வைக்கப்படுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். இரவு மாட்டிக்கொண்டு அமைத்தது காலையில் கழற்றியதும் மாறுவது இதனால்தான். இரண்டு நிலையிலும் ஒவ்வொரு முறை அமைத்துவிட்டால் தீரும். மஞ்சள் சாயமானால், 2017-இல் வந்து சேர்ந்த 'நைட் லைட்' நேர அட்டவணையோடு இயங்குகிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் டிஸ்பிளே என்ற பக்கத்தில், திரையில் உள்ளதற்கேற்ப வெளிச்சத்தை மாற்றும் ஏற்பாடு இருந்தால் நிறுத்துங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி நிரலைத் திறந்து அங்கேயும் மின்சிக்கனத்தை நிறுத்துங்கள். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாளே தொல்லை ஆரம்பித்திருந்தால், டிவைஸ் மானேஜரில் டிஸ்பிளே டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்புங்கள். அல்லது மடிக்கணினியைச் செய்த கம்பெனி தரும் டிரைவரையே போடுங்கள்.

இவ்வளவையும் வாசித்தீர்கள் அல்லவா? ஒரே ஒரு வெளிச்சத்தைத் திரும்பப் பெற எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வழிநடைக் குறிப்பே என் குற்றப் பத்திரிகை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பது பழமொழி. இங்கே பூசாரிகளே நாலு பேர்.

'பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை. இப்படித்தான் இருக்கும்' என்று சமாதானம் சொல்கிறார்கள். லினக்ஸ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. உலகெங்கும் உள்ளவர்கள், சம்பளத்துக்குச் சிலரும் சம்பளமில்லாமல் சிலருமாக, கூடிச் செய்வது. கைகளின் எண்ணிக்கைக்கு அங்கே குறைவே இல்லை. அதன் பல ரகங்களில் இதற்கென்றே ஒரு சிறு நிரல் உண்டு. அணையும்போது வெளிச்சம் எவ்வளவு என்று எழுதி வைக்கிறது. துவங்கும்போது அதையே திருப்பி வைக்கிறது. தப்பித் தவறி முழு இருட்டில் அணைத்திருந்தால், கண் தெரியும் அளவுக்குக் கொஞ்சம் வெளிச்சம் விட்டு வைக்கும் கருணையும் அதற்கு இருக்கிறது. பிசகே வராது என்று சொல்ல மாட்டேன். அங்கும் பயாஸ் குறுக்கே விழுவதுண்டு. ஆனால் இந்த வேலை யாருடைய பொறுப்பு என்பது அங்கே தீர்மானமாகியிருக்கிறது.

அப்படியானால் பணக்காரக் கம்பெனிகளுக்கு ஞாபகமறதியா? அதுதான் இல்லை. நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்பதற்கேற்ப விளம்பரம் காட்டுவதற்கென்று விண்டோஸ் 10-இல் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் கொடுக்கப்பட்டது. அந்த எண் ஒருபோதும் பாதிக்குப் பாதி குறைந்துபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2024 மே மாதம் மைக்ரோஸாப்ட் 'ரீகால்' என்று ஒன்றை அறிவித்தது. சில விநாடிகளுக்கு ஒரு தடவை உங்கள் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, எப்போதோ பார்த்ததைப் பின்னால் தேடித் தரும் ஏற்பாடு. எதிர்ப்பு வலுக்கவே ஒத்திப்போட்டு, உரியவர் சம்மதித்தால் மட்டும் என்று திருத்தி, 2025 ஏப்ரலில் சில புது ரக யந்திரங்களுக்குக் கொடுத்தார்கள். திரையில் தெரிந்ததையெல்லாம் படம் படமாக ஞாபகம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் திரை எவ்வளவு வெளிச்சத்தில் இருந்தது என்ற ஒரே ஓர் எண்ணைப் பத்திரப்படுத்துவது பிரம்ம வித்தையா?

இந்த மனப்பான்மை நேற்று முளைத்ததல்ல. 2009-இல் சின்ன மடிக்கணினிகளோடு விற்ற 'விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்' என்ற மலிவுப் பதிப்பில், திரையின் பின்னணிப் படத்தை மாற்ற வாங்கியவருக்கு அனுமதி இல்லை. காசு கொடுத்து வாங்கிய சாமானில் குழந்தையின் படத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. வைக்க வேண்டுமானால் மேற்கொண்டு காசு கொடுத்து உயர்ந்த பதிப்பை வாங்க வேண்டும். திரை யாருடையது என்பதில் அவர்களுக்கு அன்றைக்கே சந்தேகம் இருக்கவில்லை.

'அற்ப விஷயத்துக்கு இவ்வளவு ஆவேசமா?' என்று சிலர் சிரிக்கலாம். கண் நன்றாக இருப்பவர்கள் சிரிக்கலாம். புரை எடுத்துக்கொண்ட கண்ணுக்கு அதிக வெளிச்சம் ஊசி குத்துவது போலிருக்கும். பார்வை மங்கியவர், எழுத்தின் அளவை 175 சதவிகிதம் வைத்தால்தான் வாசிக்க முடியும் என்று தட்டுத் தடுமாறி அமைத்துக்கொண்டிருப்பார். அது காலையில் 100 ஆகச் சுருங்கிவிட்டால், அதைத் திருத்துவதற்கான பக்கத்தையே அவரால் வாசிக்க முடியாது. பூட்டின் சாவியைப் பூட்டிய அறைக்குள் வைத்தாற்போல! புத்தக அட்டைக்கு வர்ணம் பார்க்கிறவர், கருவி வைத்து அளந்து திரையின் நிறத்தை ஒழுங்கு செய்திருப்பார். அந்த அளவை விண்டோஸ் தானே ஏற்றிக்கொள்ள வேண்டுமானால், வண்ண நிர்வாகம் என்ற பக்கத்தில் உள்ளுக்குள் உள்ளாக ஒரு கட்டத்தில் அடையாளம் போட வேண்டும். அது தெரியாமலோ, டிரைவர் அந்த அளவைத் துடைத்துவிட்டதாலோ, அச்சாகி வந்த அட்டையில் நாயகியின் முகம் நீலம் பாரித்திருக்கும். அச்சகத்தில் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்: 'நான்தான் எதையோ மாற்றிவிட்டேன் போலிருக்கிறது.'

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஒரே ஓர் ஏடு இருக்கட்டும். அதில் உரியவர் எழுதியதை மற்றவர்கள் வாசிக்கலாம், திருத்தக் கூடாது. ஏதாவது காரணத்தால் திருத்தியே ஆக வேண்டுமென்றால், இன்ன நிரல் இன்ன காரணத்துக்காக வெளிச்சத்தை மாற்றியது என்று ஒரு வரி திரையில் தெரியட்டும், பக்கத்திலேயே 'பழையபடி வை' என்று ஒரு பொத்தானும் இருக்கட்டும். விளம்பரத்தைத் திரையின் மூலையில் காட்டத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியையும் காட்டத் தெரியும். அது வருகிற வரையில், பழுது பார்க்கும் கடையில் "ஏதாவது தொட்டீங்களா?" என்று கேட்டால், 'ரீஸ்டார்ட் செய்தால் சரியாக இருக்கிறது, ஷட் டவுன் செய்தால் கெடுகிறது, கடவுச்சொல்லுக்குப் பிறகுதான் மாறுகிறது, எந்த நிரல் மாற்றுகிறது என்று பார்த்துச் சொல்லப்பா' என்று கேளுங்கள். பையன் ஒரு நிமிஷம் உங்களை நிமிர்ந்து பார்ப்பான். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடும் பேச்சை எடுக்காமல், ஸ்டார்ட் அப் பட்டியலைத் திறப்பான்.